ஒளிரும் புரோப் கொண்டு குரோமோசோமை அடையாளம் காணுதல்

ஜீம்சா பட்டைச் சாயம் போடத் தெரிந்தவர் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. பட்டைகளைப் பார்த்து 46 குரோமோசோம்களையும் வரிசைப்படுத்திவிடலாம். பெரிய உடைப்பு, இடமாற்றம், கூடுதல், குறைவு எல்லாம் கண்ணில் படும். ஆனால் இரண்டு இடங்களில் அது கைகொடுக்காது. பிரிந்துகொண்டிருக்கும் செல் கிடைக்காவிட்டால் பட்டையே கிடையாது. சுமார் 50 லட்சம் கார இணைகளுக்கும் குறைவான துண்டு ஒன்று காணாமல் போயிருந்தால் வழக்கமான பட்டையில் அது பெரும்பாலும் தெரியாது. இந்த இரண்டு இடங்களிலும் நமக்கு உதவுவது ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. புரோப். அதைக் கொண்டு செய்யும் முறையை ஆய்வகத்தில் எல்லோரும் ‘ஃபிஷ்’ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அடிப்படை எளியது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகள் சூட்டில் பிரியும், சூடு தணிந்தால் தத்தம் ஜோடியோடு மறுபடி சேரும். ஸ்லைடில் ஒட்டியிருக்கும் குரோமோசோமின் இழைகளைப் பிரித்து, சாயம் ஏற்றிய துண்டுகளை மேலே விட்டால், அந்தத் துண்டுகள் தமக்குப் பொருந்தும் இடத்தில் போய் அமரும். 1969-இல் ஜோசப் காலும் மேரி லூ பார்ட்யூவும் இதைக் கதிரியக்கம் ஏற்றிய ஆர்.என்.ஏ. கொண்டு தவளை செல்களில் செய்து காட்டினார்கள். அந்த முறையில் ஒரு விடைக்கு வாரக்கணக்கில் இருட்டில் ஸ்லைடை வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1986-இல் பிங்கெல், ஸ்ட்ராம், கிரே மூவரும் ஒளிரும் சாயத்தில் இதைச் செய்த பிறகுதான் ஒரே இரவில் விடை காணும் முறையாக இது மருத்துவமனைகளுக்குள் வந்தது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ஸ்லைடில் சிவப்புப் புள்ளி தெரிந்துவிட்டால் மட்டும் விடை கிடைத்துவிடாது. அந்தப் புள்ளி வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்று அதே ஸ்லைடு சாட்சி சொல்ல வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சாட்சியைச் சேர்ப்பதற்குத்தான்.

எந்தப் புரோப்?

வேலையில் பாதி, புரோபைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும் என்றால் சென்ட்ரோமியர் புரோப். சென்ட்ரோமியரில் 171 கார இணை நீளமுள்ள ஆல்ஃபா சேட்டிலைட் துண்டு ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்து வருகிறது. அதனால் புரோப் உட்கார இடம் ஏராளம். சிக்னல் பெரிதாக, பளிச்சென்று இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் ஆரோக்கியமான ஆணின் ரத்தத்தில் எக்ஸ், ஒய் சென்ட்ரோமியர் புரோப்களைப் போட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஒவ்வொரு உட்கருவிலும் இரு நிறத்திலும் ஒன்று ஒன்று இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே பிழை எங்கே வந்தாலும் அது உங்கள் செய்முறையின் பிழைதான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் கொடுத்தவரும் பெற்றவரும் வேறு பாலினமாக இருந்தால், மஜ்ஜை பிடித்துக்கொண்டதா என்று பார்ப்பதும் இதே ஜோடியைக் கொண்டுதான்.

ஆனால் டவுன் சிண்ட்ரோமுக்காக 21-ஆம் குரோமோசோமை எண்ண சென்ட்ரோமியர் புரோப் வாங்கக் கூடாது. 13, 21 இரண்டின் ஆல்ஃபா சேட்டிலைட்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு சாதாரண செல்லில் அந்தப் புரோப் நான்கு சிக்னல் காட்டும். ஐந்தாவது வந்தால் அது 13-ஆ 21-ஆ என்று சொல்ல வழியில்லை. 14-க்கும் 22-க்கும் இதே சிக்கல். 1, 5, 19 மூன்றும் தங்களுக்குள் ஒரு குடும்பம். எனவேதான் கர்ப்பகாலச் சோதனையில் 18, எக்ஸ், ஒய் மூன்றுக்கும் சென்ட்ரோமியர் புரோபும், 13-க்கும் 21-க்கும் நீண்ட கரத்தில் உள்ள தனி இடத்துப் புரோபும் பயன்படுத்தப்படுகின்றன. திரும்பத் திரும்ப வரும் வரிசைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அவற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒய் குரோமோசோமின் நீண்ட கர நுனியில் உள்ள சேட்டிலைட் பகுதி சில ஆரோக்கியமான ஆண்களுக்கு மிகக் குட்டையாக இருக்கும். அந்தப் பகுதிக்கான புரோப் மட்டும் போட்டால் ஒய்யே இல்லை என்று தோன்றிவிடும்.

இரண்டாவது வகை, குறிப்பிட்ட ஓர் இடத்துக்கான புரோப். ஒன்று முதல் இரண்டு லட்சம் கார இணை நீளமுள்ள பி.ஏ.சி. குளோன்கள், பல சமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்த்து, இதற்குப் பயன்படுகின்றன. டிஜார்ஜ் சிண்ட்ரோமில் 22-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 11.2 என்ற இடத்தில் பெரும்பாலும் சுமார் 30 லட்சம் கார இணை காணாமல் போயிருக்கும். இதற்கான புரோப் கலவையில் அந்த இடத்துக்குச் சிவப்பும், அதே குரோமோசோமின் நுனிப் பக்கத்துக்குப் பச்சையும் இருக்கும். ஒரு சிவப்பு, இரண்டு பச்சை வந்தால் அந்த இடம் மட்டும் இல்லை என்று பொருள். ஒரு சிவப்பு, ஒரு பச்சை என்று வந்தால் கதையே வேறு: செல்லில் ஒரு 22 இல்லாமல் போயிருக்கலாம், இரண்டு 22-களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கலாம், புரோப் சரியாக ஒட்டாமலும் போயிருக்கலாம். பச்சை இல்லாத கலவையில் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே வராது. கட்டுப்பாட்டுப் புரோப் இல்லாமல் விற்கும் கலவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, ஒரு முழுக் குரோமோசோமையும் நுனி முதல் நுனி வரை ஒளிர வைக்கும் ‘பெயின்ட்’. ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒரே எண்ணுள்ள குரோமோசோம்களைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றின் டி.என்.ஏ.வைப் பெருக்கி, சாயம் ஏற்றிச் செய்வது. நம் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ பாதி, பல குரோமோசோம்களிலும் பரவிக் கிடக்கும் திரும்பவரும் வரிசைகள். அவற்றை அடக்காவிட்டால் 46-உம் சேர்ந்து ஒளிரும். அதற்காகத்தான் திரும்பவரும் வரிசைகள் செறிந்த, சாயம் ஏற்றாத காட்-1 டி.என்.ஏ.வை அளவுக்கு மிஞ்சிக் கலந்து, சூட்டில் இழை பிரித்து, ஸ்லைடில் விடும் முன்பே 37 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கிறோம். பொது வரிசைகள் அதோடு சேர்ந்து அடங்கிவிடும்; அந்தக் குரோமோசோமுக்கே உரிய வரிசைகள் மிஞ்சும். ஐந்து சாயங்களைப் பலவிதமாகக் கலந்தால் 31 சேர்க்கைகள் கிடைக்கும் என்பதால் 24 வகைக் குரோமோசோம்களுக்கும் தனித்தனி நிறம் கொடுக்கலாம். இது 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எந்தக் குரோமோசோமிலிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு கூடுதல் துண்டை அடையாளம் காண பெயின்ட் அருமையான கருவி. சிக்கலான இடமாற்றங்களுக்கும் அப்படியே. ஆனால் ஒரே குரோமோசோமுக்குள் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருந்தால் பெயின்டுக்குத் தெரியாது. எல்லாம் அதே நிறம்தானே. சின்ன இழப்பும் தெரியாது. இரண்டு நிறங்கள் சந்திக்கும் எல்லையில் ஒளி ஒன்றோடொன்று கசிந்து, அங்கே இல்லாத மூன்றாவது குரோமோசோமின் நிறத்தைக் காட்டும். பெயின்ட் சொன்ன எந்தப் புதுச் செய்தியையும் தனி இடத்துப் புரோப் கொண்டு உறுதி செய்யாமல் எழுதாதீர்கள்.

புரோபை நீங்களே செய்வதானால் நிக் டிரான்ஸ்லேஷன் போதும். முடிவில் துண்டுகள் 200 முதல் 500 கார இணை நீளம் இருக்கின்றனவா என்று அகரோஸ் ஜெல்லில் பாருங்கள். நீளம் கூடினால் பின்னணி முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஒளிரும். மிகவும் குறைந்தால் கழுவும்போது போய்விடும்.

ஸ்லைடு

ரத்தம் என்றால் பி.எச்.ஏ. சேர்த்து 72 மணி நேர வளர்ப்பு, கோல்செமிட், 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு, பிறகு மூன்று பங்கு மெத்தனாலுக்கு ஒரு பங்கு அசெட்டிக் அமிலம். இதெல்லாம் பட்டைச் சாயத்துக்குச் செய்வதேதான். சொட்டு விடும் நேரத்து ஈரப்பதத்தை மட்டும் கவனியுங்கள். காற்றில் ஈரம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் குரோமோசோம்கள் நன்றாக விரியும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சொட்டு விட்டால் ஸ்லைடு மெதுவாக உலர்ந்து, செல் உடைந்து, குரோமோசோம்கள் அக்கம்பக்கம் சிதறும். அதே ஊரில் ஏ.சி. அறைக்குள் விட்டால் படக்கென்று உலர்ந்து கொத்தாக நின்றுவிடும். ஒரு ஈரப்பதமானியை மேசைமேல் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

உலர்ந்த ஸ்லைடை ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பாருங்கள். குரோமோசோம்கள் அடர்ந்த சாம்பல் நிறமாக, சுற்றிலும் சுத்தமாக இருக்க வேண்டும். சுற்றி மெல்லிய படலம் தெரிந்தால் அது சைட்டோபிளாசம். புரோப் உள்ளே போக அது விடாது. போன புரோபைக் கழுவி வெளியேற்றவும் விடாது. 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சினில் 37 டிகிரியில் சில நிமிடம் வைத்தால் படலம் போகும். படலம் இல்லாத ஸ்லைடுக்குப் பெப்சின் தேவையில்லை. வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்தால் நல்ல குரோமோசோமும் அரித்துப் போகும்.

சூடும் கழுவலும்

இழை பிரிப்பதற்கு இரண்டு வழிகள். 70 சதவீத ஃபார்மமைடு, 2 மடங்கு எஸ்.எஸ்.சி. உப்புக் கரைசலில் 73 டிகிரியில் 5 நிமிடம் ஸ்லைடை முக்குவது பழைய வழி. புரோபை ஸ்லைடில் விட்டு, கவர்ஸ்லிப் மூடி, ரப்பர் சிமென்டால் விளிம்பை அடைத்து, ஹாட் பிளேட்டில் இரண்டையும் சேர்த்தே சூடாக்குவது இன்றைய வழி. ஃபார்மமைடு இல்லாவிட்டால் 90 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில் குரோமோசோமின் வடிவம் கெடும். ஒவ்வொரு சதவீத ஃபார்மமைடும் இழை பிரியும் வெப்பநிலையைச் சுமார் 0.6 டிகிரி இறக்குகிறது. கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள் அது. புகைக்கூண்டுக்குள், கையுறை போட்டுக்கொண்டுதான் கையாள வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பணியாளரை இந்த வேலையில் விடவே கூடாது.

வாட்டர் பாத்தின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்பாதீர்கள். தெர்மாமீட்டரை காப்ளின் ஜாடிக்குள்ளேயே வைத்துப் படியுங்கள். வெளியே 75 காட்டும்போது ஜாடிக்குள் 72 இருப்பது சாதாரணம். அறைச்சூட்டில் உள்ள ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறக்கினால், ஒவ்வொன்றுக்கும் ஜாடியின் சூடு இன்னும் இறங்கும். நாலு ஸ்லைடுக்கு மேல் ஒரே நேரத்தில் போட வேண்டாம். சூடு குறைந்தால் இழை பிரியாது, சிக்னல் மங்கும். கூடினால், டி.என்.ஏ.வை நீலமாகக் காட்டும் டாபி சாயத்தில் பார்க்கும்போது குரோமோசோம்கள் உப்பி, ஓரம் பிசிறி, உள்ளே வெறுமையாகத் தெரியும். மங்கிய சிக்னலைக் கண்டால் முதலில் டாபியைப் பாருங்கள். குரோமோசோம் உருவம் திடமாக இருந்து சிக்னல் இல்லையென்றால் சூடு போதவில்லை. உருவமே கெட்டிருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. இந்த ஒரே பார்வை அடுத்த முயற்சியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லிவிடும்.

22 மில்லிமீட்டர் சதுரக் கவர்ஸ்லிப்புக்கு 10 மைக்ரோலிட்டர் புரோப் கலவை. காற்றுக்குமிழ் இருந்தால் ஊசி முனையால் மெதுவாக ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். குமிழ் நின்ற இடத்தில் புரோப் ஒட்டாது, மறுநாள் அங்கே இருக்கும் செல்களில் இழப்பு இருப்பதுபோல் பொய்யாகத் தெரியும். ஈரத்துணி வைத்த மூடிய டப்பாவில் 37 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள்.

மறுநாள் காலை ரப்பர் சிமென்டை இடுக்கியால் ஒரு முனையில் பிடித்து உரித்து எடுத்து, கவர்ஸ்லிப்பை இழுக்காமல் கரைசலில் தானாக நழுவவிட வேண்டும். பிறகு 0.4 மடங்கு எஸ்.எஸ்.சி.யில் 0.3 சதவீத என்.பி.-40 சேர்த்து, 73 டிகிரியில் 2 நிமிடம். அடுத்து 2 மடங்கு எஸ்.எஸ்.சி.யில் அறைச்சூட்டில் ஒரு நிமிடம். உப்பு குறையக் குறைய, சூடு கூடக் கூட, அரைகுறையாகப் பொருந்திய புரோப் கழன்றுவிடும். முழுதாகப் பொருந்தியது மட்டும் நிற்கும். கலவையைச் செய்தவர் சொல்லும் சூட்டை ஒரு டிகிரிகூட உங்கள் வசதிக்கு மாற்றாதீர்கள். கழுவல் முடியும்வரை ஸ்லைடு உலரவும் கூடாது. உலர்ந்த இடத்தில் படிந்த புரோபை எந்தக் கரைசலும் எடுக்காது.

கழுவலால் பிரிக்க முடியாத நெருக்கம்

இரண்டு வரிசைகள் மிக நெருங்கியவை என்றால் கழுவல் மட்டும் போதாது. இதற்குக் கரும்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் இனிப்புக் கரும்பையும் காட்டுக் கரும்பான நாணலையும் கலந்து உருவாக்கிய ‘கோ 205’ 1918-இல் வெளிவந்தது. கலப்பில் எந்தப் பெற்றோரிடமிருந்து எத்தனை குரோமோசோம் வந்தது என்பது அன்று முதல் கேள்வி. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அங்கே 1930-களில் செய்த செல்மரபியல் ஆய்வு எல்லாம் எண்ணியும் வடிவம் பார்த்தும் செய்தது. இன்றைய கரும்பு ரகங்களில் 100-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள், எல்லாம் குட்டை, எல்லாம் ஒன்றுபோல. கண்ணால் பிரிக்க வழியே இல்லை.

இங்கே புரோப் என்பது ஒரு பெற்றோரின் முழு டி.என்.ஏ. இனிப்புக் கரும்பின் டி.என்.ஏ.வுக்கு ஒரு சாயம், நாணலின் டி.என்.ஏ.வுக்கு இன்னொரு சாயம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்லைடில் விட்டால் ஒரே இடத்துக்கு இரண்டும் போட்டி போடும். எது கூடுதலாகப் பொருந்துகிறதோ அதன் நிறம் மேலோங்கும். 1996-இல் டோன்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு இம்முறையில் ஒரு நவீன ரகத்தைப் பார்த்தது. பெரும்பகுதி இனிப்புக் கரும்பின் குரோமோசோம்கள், சுமார் 10 சதவீதம் நாணலுடையவை, சுமார் 10 சதவீதம் இரண்டும் கலந்து ஒட்டியவை என்று தெரிந்தது. நீங்கள் செய்யும்போது வேர்நுனியை 8-ஹைட்ராக்சிகுயினோலினில் வைத்துப் பிரிதலை நிறுத்தி, செல்லுலேஸ், பெக்டினேஸ் நொதிகளால் செல்சுவரைக் கரைத்துப் பிறகு நசுக்குங்கள். செல்சுவர் மிஞ்சினால் எந்தப் புரோபும் உள்ளே போகாது. கலப்பினத்தின் ஸ்லைடோடு இரண்டு பெற்றோரின் ஸ்லைடுகளையும் அதே நாளில், அதே ஜாடியில் ஓட்டுங்கள். பெற்றோரின் ஸ்லைடு ஒரே நிறத்தில் வராத நாளில் கலப்பினத்தின் இருநிறக் குரோமோசோமை நம்ப இடமில்லை.

பார்த்து எண்ணுதல்

டாபி கொஞ்சம் போதும். அதிகமானால் நீல ஒளி மெல்லிய சிக்னலை விழுங்கிவிடும். மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டும் ஃபில்டர் வசதியானது, ஆனால் குறைந்த ஒளியையே விடும். சந்தேகமான எந்தச் சிக்னலையும் ஒற்றை நிற ஃபில்டரில் மறுபடி பாருங்கள். எல்லா நிறத்திலும் தெரியும் புள்ளி சிக்னல் அல்ல, தூசி. பாதரச விளக்கு 200 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் புரோபைக் குறை சொல்லும் முன் விளக்கை மாற்றுங்கள்.

ஒரு ஸ்லைடை நெருங்கிப் பார்ப்போம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்றில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று 1960-இல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு கண்ட அந்தக் குட்டைக் குரோமோசோம் இந்த மாற்றத்தால் பிறந்தது என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். புரோப் கலவையில் ஏ.பி.எல். மரபணுவுக்குச் சிவப்பு, பி.சி.ஆர். மரபணுவுக்குப் பச்சை. சாதாரண உட்கருவில் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை, நான்கும் தனித்தனியே. நோயுள்ள உட்கருவில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, சிவப்பும் பச்சையும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும் இணைப்பு இரண்டு: ஒன்று 22-இல், மற்றொன்று 9-இல்.

இரண்டு இணைப்பு என்பதில்தான் இந்த வடிவமைப்பின் பலம் இருக்கிறது. உட்கரு உருண்டை, அதை நாம் தட்டையாகப் பார்க்கிறோம். எங்கோ மேலே இருக்கும் சிவப்பும் கீழே இருக்கும் பச்சையும் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரு போலி மஞ்சளைத் தரும். இது ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் சில சதவீத செல்களில் நடக்கும். ஒரே செல்லில் இரண்டு முறை இப்படி விழுவது மிக அரிது. ஆனால் சுமார் பத்தில் ஒரு நோயாளிக்கு 9-ஆம் குரோமோசோமின் உடைப்பு இடத்தில் ஒரு துண்டு இழக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு ஓர் இணைப்பு மட்டுமே வரும், தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்த போலி மஞ்சளைப் போலவே. அங்கே மெட்டாஃபேஸ் செல் ஒன்றைத் தேடிப் பிடித்து, இணைப்பு 22-இல் அமர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

அதனால்தான் ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு புரோபுக்கும் தன் சொந்த வரம்பைக் கணக்கிட வேண்டும். நோயில்லாத சுமார் 20 பேரின் மாதிரிகளில் தலா 200 உட்கருக்களை எண்ணி, பொய்யாகத் தெரியும் சதவீதம் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் வந்தால்தான் பாசிட்டிவ். பக்கத்து ஆய்வகத்தின் வரம்பையும் நிறுவனத்தின் துண்டுச்சீட்டில் உள்ள வரம்பையும் கடன் வாங்க முடியாது. உங்கள் சூடு, உங்கள் ஃபில்டர், உங்கள் கண் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. எண்ணுவது இரண்டு பேர், ஆளுக்கு 100, ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காமல். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய உட்கரு, ஓரம் கிழிந்த உட்கரு, பின்னணி ஒளிரும் இடம் இவற்றை இருவரும் விட்டுவிட வேண்டும். இரட்டிப்பான குரோமோசோமின் சிக்னல் இரண்டு குட்டிப் புள்ளிகளாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். இடைவெளி ஒரு சிக்னலின் அகலத்துக்குள் இருந்தால் அது ஒன்றே.

அறிக்கை

புரோப் பார்த்த இடத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள். 22-இன் 11.2-இல் இழப்பு இல்லை என்று ஃபிஷ் சொன்னால், ‘குரோமோசோம்கள் இயல்பானவை’ என்று எழுத அது அனுமதி தராது. புரோபின் பெயர், தயாரிப்பு எண், எண்ணிய செல்கள், உங்கள் வரம்பு நான்கும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

பனிக்குட நீரில் 21-க்கு மூன்று சிக்னல் வந்த அறிக்கையில் இன்னும் கவனம் வேண்டும். இடைநிலை உட்கருவில் மூன்று 21-கள் இருப்பது தெரியும். அந்த மூன்றாவது தனியாக இருக்கிறதா, 14 போன்ற வேறொன்றில் ஒட்டியிருக்கிறதா என்று தெரியாது. டவுன் சிண்ட்ரோமில் 3 முதல் 4 சதவீதம் இப்படி ஒட்டிய வகை. அந்த வகையில் பெற்றோரில் ஒருவர் அந்த இணைப்பைத் தாங்கியிருக்க வாய்ப்பு உண்டு; அடுத்த குழந்தைக்கான ஆலோசனையே மாறிவிடும். எனவே ஃபிஷ் விடையை ஓரிரு நாளில் கொடுத்தாலும், அதே மாதிரியின் வளர்ப்பை நிறுத்தாமல் தொடர்ந்து, முழுக் கேரியோடைப் வந்த பிறகே இறுதி அறிக்கை தருவதாக முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். எண்ணிய செல்களின் படங்களை ஃபில்டர் வாரியாகச் சேமியுங்கள். ஸ்லைடை இருட்டில், கழித்தல் 20 டிகிரியில் வையுங்கள். மறு ஆய்வு கேட்டு யாராவது வரும்போது சிக்னல் இன்னும் இருக்கும்.